செங்கோட்டையில் பதினெட்டு நாள். அலுவலகம் திறந்திருந்தது பத்து நாள்

மஸ்கட்டில் பிள்ளைகளின் பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை விட்டதும் ஊருக்குக் கிளம்புவது எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். வந்தால் குற்றாலத்தில் ஒரு குளியல், பிரானூர் பார்டரில் ஒரு பரோட்டா, மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் தங்கை வீட்டில் இரண்டு நாள், அம்மா கையால் ஒரு சொதி என்று நாள் போவதே தெரியாது. இந்த முறை பெட்டியில் முதலில் வைத்தது ஒரு நீல நிற ஃபைலைத்தான். மார்ச் மாதம் அப்பா காலமானார். காரியம் முடிந்த கையோடு வேலைக்குத் திரும்பிவிட்டதால், அவர் பெயரில் இருந்தவற்றை அம்மா பெயருக்கு மாற்றும் வேலை எல்லாம் ஆண்டுக் கடைசிக்கு என்று தள்ளிப் போடப்பட்டது. டிசம்பர் 18 முதல் ஜனவரி 4 வரை பதினெட்டு நாள் இருக்கிறதே என்று விமானத்தில் நிம்மதியாகத்தான் இருந்தேன். சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு ஆகியவற்றைக் கழித்துக் கணக்குப் பார்த்து, அலுவலகங்கள் திறந்திருப்பது பத்தே நாள் என்று சொன்னவள் என் மனைவி.

எங்கள் ஊருக்கு அருகில் உள்ள பன்னாட்டு விமான நிலையம் திருவனந்தபுரம். மஸ்கட்டிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியாக மலையேறி இறங்க மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும். முன்பதிவு செய்த டாக்சியின் ஓட்டுநர் எல்லையை நெருங்கும்போது, தமிழ்நாட்டுப் பெர்மிட்டுக்குத் தனியாகப் பணம் வேண்டும் என்றார். பேசிய தொகைக்குள் அது அடக்கம் என்று கைபேசியில் வந்த செய்தியைக் காட்டினேன். அது தன் முதலாளி அனுப்பியது, தனக்கு அதில் சம்பந்தமில்லை என்றார். கோட்டைவாசல் கருப்பசாமி முன்னால் நின்று வழக்குப் பேச மனமில்லாமல் கொடுத்துவிட்டேன். இந்த வழியாக வருகிறவர்கள் டாக்சி பேசும்போதே இரு மாநிலங்களிலும் ஓடும் அனுமதி உள்ள வண்டியா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சபரிமலைக் காலம் என்பதால் இருமுடி கட்டிய வேன்கள் எதிரும் புதிருமாக நெருக்க, கல்லும் மணலும் ஏற்றிய டாரஸ் லாரிகள் புளியரை எஸ் வளைவில் ஒன்றுக்கொன்று வழிவிடக் காத்திருக்க, கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது அப்பாவின் பட்டன் போன். கூடத்து அலமாரியில், சாமி படத்துக்குக் கீழ்த் தட்டில், சார்ஜர் வயரோடு அது இருந்தது. அதை இன்றுவரை அணைக்கவில்லை, அணைக்கவும் முடியாது. வங்கிக் கணக்கு, சமையல் எரிவாயு, மின் இணைப்பு, ரேஷன் அட்டை, அம்மாவின் ஆதார் எல்லாவற்றுக்கும் பதிவு செய்யப்பட்டிருந்தது அந்த ஒரே எண்தான். 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பைத் துண்டித்து, பிறகு எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்பதால், இறந்தவரின் கைபேசிக்கு 28 நாளுக்கொரு முறை மஸ்கட்டிலிருந்து ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். நான் அங்கே கணினியில் ஒரு மனுவை நிரப்பினால், ஓ.டி.பி. இங்கே அப்பாவின் போனுக்கு வரும். அம்மா அதைப் படித்துச் சொல்ல வேண்டும். முதலில் செய்தியைப் பார்ப்பதற்காக அழைப்பையே துண்டித்துவிடுவார். மறுபடி நான் அழைப்பதற்குள் நேரம் கடந்து எண் செல்லாததாகிவிடும். நான்கைந்து முறை இப்படித் தோற்ற பிறகு, நடுப் பொத்தானை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே செய்தியைத் திறக்கக் கற்றுக்கொண்டார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்றாலும் எண்ணில் ஒரு முறையும் தவறியதில்லை. வாரிசுச் சான்றிதழுக்கான மனு இப்படித்தான் ஜூலையில் போனது, சான்றிதழும் நாங்கள் வருவதற்குள் வந்துவிட்டது. வாசல்படி ஏறி இறங்காமல் வாரிசுச் சான்றிதழ் வாங்கலாம் என்று இருபது ஆண்டுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் அப்பாவே சிரித்திருப்பார்.

அப்பா ரயில்வேயில் கீமேன். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையில் 1904-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதையில், மலைப் பகுதியில், தோளில் சுத்தியலோடு தினமும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தவர். 1947-இல் பிறந்த அந்த மனிதர் தம் ஆயுளில் வீடு மாறியதே இல்லை. ஆனால் அவருடைய முகவரி மாறிக்கொண்டே இருந்தது. பிறந்தபோது ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது திரு-கொச்சி. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டைத் தாலுகாவின் கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர, ஆரியங்காவும் அச்சன்கோவிலும் உள்ள மலைப் பகுதி கேரளத்திலேயே நின்றுவிட்டது. 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று ஆனது. 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவில் உள்ள பிரானூரை இன்றும் 'பார்டர்' என்று சொல்வது, 1956 வரை இரு அரசுகளின் எல்லை அங்கே இருந்ததால்தான். எல்லை மேற்கே மலைக்குப் போய் எழுபது ஆண்டு ஆகப்போகிறது. பரோட்டாக் கடைகளின் பெயர்ப்பலகையில் அது இன்னும் நகரவில்லை.

இந்த வரலாறு எனக்குப் பள்ளிப் பாடம்போலத் தெரியும். அது ஒரு வங்கிக் கவுண்டரில் எனக்கு எதிராகவே வந்து நிற்கும் என்றுதான் நினைக்கவில்லை. அப்பாவின் ஆதாரில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருந்தது. இறப்புச் சான்றிதழில் தென்காசி மாவட்டம். முகவரி ஒத்துப்போகவில்லை, எனவே இருவரும் ஒருவர்தானா என்று உறுதி செய்ய முடியாது என்றார் அதிகாரி. வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர் போலிருந்தது. நான் மாவட்டம் பிரிந்த கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார், சிஸ்டம் ஏத்துக்காது" என்றார். அது போகட்டும் என்றால், அடுத்து வாரிசுச் சான்றிதழையும் பிள்ளைகள் எல்லோரின் கையெழுத்தையும் கேட்டார். அப்பாவின் வைப்புத்தொகைக்கு அம்மாவை நாமினியாகப் போட்டிருக்கிறது. நாமினி இருக்கும் கணக்குக்கு வாரிசுச் சான்று கேட்டு வற்புறுத்தக் கூடாது, உரிய தாள்களைக் கொடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் தந்துவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வெளிநாட்டிலிருந்து பத்து நாள் கணக்கோடு வருகிறவர்கள் இந்த ஒரு விதியையாவது அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் நாள் வாயால் சொன்னபோது அசையாதவர், மறுநாள் தாளாகக் காட்டியபோது உள்ளே எடுத்துச் சென்றார்.

மாவட்டச் சிக்கலைத் தீர்த்தவர் இ-சேவை மையத்து இளைஞர். மாவட்டத்தைப் பிரித்த அரசாணையை இரண்டே நிமிடத்தில் தேடி எடுத்து, எங்கள் தாலுகாவின் பெயர் இருக்கும் வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டுத் தந்தார். "இதுவரைக்கும் முப்பது பேருக்காவது எடுத்துக் கொடுத்திருப்பேன் அண்ணாச்சி" என்றார். முப்பது பேர் கொண்டுபோய்க் கொடுத்தும் முப்பத்தொன்றாவது ஆளிடம் அதே கேள்வி கேட்கப்படுகிறது என்பதில் எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. கவுண்டருக்கு முன்னால் இருந்த இரும்பு நாற்காலியில் மூன்று நாளும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கடைசியில் ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்ததும் அதை மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்தபடி, "அவுக ஊரு எதுன்னு அவுகளுக்கே சந்தேகம் வந்திருக்கும்" என்றார். தொகை ஜனவரி இரண்டாம் வாரம் அம்மா கணக்குக்கு வந்தது. குறை சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும்.

வங்கியாவது பரவாயில்லை. பட்டாவில்தான் பாடுபட்டோம். வீட்டோடு சேர்ந்த 11 சென்ட் தென்னந்தோப்புக்குப் பட்டா அப்பா பெயரில் இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். இணையத்தில் எடுத்துப் பார்த்தால் தாத்தா பெயர் இருக்கிறது. 1978-இல் இறந்தவர். அப்பா நாற்பது ஆண்டுக்கு மேல் ஆண்டுதோறும் தீர்வை கட்டியிருக்கிறார்; பெயரை மாற்றவில்லை. இப்போது அப்பாவின் வாரிசுச் சான்று மட்டும் போதாது. தாத்தாவின் இறப்புச் சான்று, அவருடைய வாரிசுகளான இரண்டு அத்தைகளின் சம்மதம், தாத்தாவுக்கு அந்த நிலம் வந்த வழிக்கான மூலப்பத்திரம் மூன்றும் வேண்டும். கடையநல்லூரில் இருக்கும் பெரிய அத்தை, காரில் போய் அழைப்பதற்குள்ளாகவே பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டார். இதற்கெல்லாம் ஏன் தம்பி அலையுறே, போனில் சொன்னால் போதாதா என்று என்னையே கடிந்துகொண்டார். மூலப்பத்திரம் டிரங்குப் பெட்டியின் அடியில், துணிப் பொட்டலத்துக்குள் இருந்தது. சங்கு முத்திரை பதித்த திருவிதாங்கூர் முத்திரைத்தாள். மை பழுப்பேறியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. ஆனால் படிக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை, காரணம் அது மலையாளத்தில் இருந்தது.

கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். மலையாளப் பத்திரம் இந்தத் தாலுகாவில் புதிதல்ல என்றும், மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு கொண்டு வந்தால் மேலே அனுப்புவதாகவும் சொன்னார். புனலூரில் என் தங்கை மகள் மலையாள வழியில் படிக்கிறாள். அவள் இருக்கப் பயமேன் என்று 24-ஆம் தேதி பிற்பகல் பத்திரத்தோடு மதுரை - குருவாயூர் ரயிலில் குடும்பமாகக் கிளம்பினோம்.

முன்பதிவில்லாத பெட்டியில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. 50 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது, ஆனால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பகவதிபுரம் தாண்டியதும் குகைக்குள் நுழையும்போது பெட்டியில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் கூச்சலிடுகிறார்கள்; அதில் என் மகளின் குரலும் கேட்டது. 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் நின்ற பிறகு 2018 வரை இந்த மலைப் பாதையில் ரயிலே ஓடவில்லை. அந்த ஆண்டுகளில் நாங்கள் புனலூருக்குப் பஸ்ஸில்தான் போனோம்; அப்பா மட்டும் வர மாட்டார், ரயில் வரட்டும் என்பார். அகலப் பாதை திறந்த ஆண்டு டிசம்பரில் முதல் ஆளாக ஜன்னலோரம் உட்கார்ந்து, கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம் வந்ததும் பேரனைத் தட்டி எழுப்பி, ஒவ்வொரு கண்ணையும் எண்ண வைத்தார். இப்போது பதினேழு வயதாகும் அந்தப் பேரன், இந்த முறை பாலம் வரும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவன், வந்ததும் தலையைத் தூக்கி ஒன்றிலிருந்து எண்ணினான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

தங்கை மகளுக்குப் பத்திரத்தைப் படிக்க வரவில்லை. மலையாள எழுத்துச் சீர்திருத்தம் 1971-இல் நடந்தது. அவள் படித்தது அதற்குப் பிந்தைய எழுத்து. இதுவோ கூட்டெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பழைய கையெழுத்து. இரண்டு வரியில் வியர்த்துப்போய், "மாமா, இது வேற பாஷை" என்று கையைத் தூக்கிவிட்டாள். பக்கத்துத் தெருவில் இருந்த முதிய பத்திர எழுத்தரிடம் தங்கை அழைத்துப் போனாள். கிறிஸ்துமஸ் நாளும் அதுவுமாக, அவர் வீட்டு வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்துக்கு அடியில் நாற்காலி போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒரு மூச்சில் வாசித்தார். கேரளத்தில் பத்திரத்துக்கு 'ஆதாரம்' என்று பெயர். அவர் "ஆதாரம் எவிடெ?" என்று கேட்டபோது, ஒரு வாரமாக எல்லா அலுவலகத்திலும் பழகிப்போன அம்மா தம்முடைய ஆதார் அட்டையை எடுத்து நீட்டியதும், அதைப் பார்த்து அந்தப் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்ததும் எங்கள் குடும்பத்தில் இனி பல ஆண்டு பேசப்படும்.

பத்திரம் கொல்லம் ஆண்டு 1119, மகர மாதத்தில் எழுதப்பட்டது. ஆங்கிலக் கணக்குப்படி 1944-இன் தொடக்கம். விலை ரூபாயில் தொடங்கிச் சக்கரத்தில் முடிகிறது. 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று பெரியவர் என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். வாங்கியவர் என் பூட்டன். கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் புரயிடம் (வீட்டுமனை), வடக்கே வண்டிப்பாதை, தெற்கே ஒரு புளியமரம் என்று நான்கெல்லை. வாய்க்கால் இப்போது இல்லை, அங்கே தெரு இருக்கிறது. புளியமரம் எனக்குத் தெரிந்து நின்றது, நான் கல்லூரியில் படிக்கும்போது வெட்டினார்கள். மொழிபெயர்த்து எழுதிய நான்கு பக்கத்துக்கு அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் இந்தக் காலத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்கு மேல் வைத்த தாளைத் தொடவே மறுத்துவிட்டார்.

திரும்பி வந்து மனு கொடுத்தோம். அத்தைகளின் பங்கு பிரிக்காமல் கூட்டுப் பட்டாவாகக் கேட்டால் விரைவில் முடியும், உட்பிரிவு கேட்டால் நில அளவர் வந்து அளக்க வேண்டும் என்றார்கள். அளப்பது என்று முடிவு செய்தோம். இன்னொரு தலைமுறைக்கு இந்த அலைச்சலை விட்டுவைக்க எனக்கு மனமில்லை. அளவர் வரும் நாள் தை மாதத்தில் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் நாங்கள் மஸ்கட் திரும்பிவிடுவோம் என்பதால், உடனிருந்து எல்லைக் கல்லைக் காட்ட வேண்டியது அம்மாதான். வாய்க்கால் எங்கே ஓடியது என்று தெரிந்தவரும் இப்போது அவர் ஒருவரே.

மற்றவை எல்லாம் எளிதாகவே நடந்தன. குடும்ப ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் நவம்பரில் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவின் கைரேகை கருவியில் பதியவில்லை. ஐம்பது ஆண்டு அடுப்படியில் தேய்ந்த விரல். அதற்கென்ன ஆச்சி, முகத்தைக் காட்டுங்கள் என்று கைபேசியை உயர்த்திப் பிடித்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு 70 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார் என்று அம்மா சொன்னார். மின் இணைப்புப் பெயர் மாற்றமும் ரேஷன் அட்டையில் அப்பா பெயர் நீக்கமும் ஒரே காலைப்பொழுதில் இ-சேவை மையத்தில் பதிவாகின. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வரும் பெண் ஊழியர் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு மாதத்துக்கான மாத்திரையைக் கையில் தந்துவிட்டுப் போகிறார். நான் மஸ்கட்டிலிருந்து சத்துமாவு வாங்கி வந்ததற்கு அந்தப் பெண் என்னைக் கண்டித்தார்: "சர்க்கரை இருக்கிறவுகளுக்கு இதையா சார் வாங்கிட்டு வருவீங்க?"

பணம் கொடுப்பதில் வந்துள்ள மாற்றம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். முன்பெல்லாம் விமான நிலையத்திலேயே பணம் மாற்றி, கட்டாக வைத்துக்கொண்டு திரிவோம். இப்போது வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கோடு ஓமான் எண்ணையே இணைத்து யு.பி.ஐ.யில் கொடுக்க முடிகிறது. ஓமான் உள்ளிட்ட சில நாடுகளின் எண்களுக்கு மட்டும் இந்த வசதி உண்டு. ஆரியங்காவில் சாயா குடித்தால் கடையில் இருக்கும் சிறு பெட்டி தொகையை மலையாளத்தில் கூவுகிறது. எட்டுக் கிலோமீட்டர் இறங்கிப் புளியரையில் குடித்தால் அதே குரல் தமிழில் கூவுகிறது. பெயர்ப்பலகையைப் பார்க்காமலே எல்லை தாண்டிவிட்டோம் என்று தெரிந்துகொள்ள இது நல்ல அடையாளம் என்றான் மகன்.

அம்மாவை என்ன செய்வது என்பதைத்தான் பயணம் முழுக்க யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. 31-ஆம் தேதி இரவு தங்கையும் அவள் கணவரும் வந்திருந்தபோது பேச்சு வந்தது. மகன் ஜூனில் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிறான். கோயம்புத்தூரா கொச்சியா என்று தெரியவில்லை, எப்படியும் மஸ்கட்டில் இருக்க மாட்டான். அவன் அறை காலியாகும், அம்மா எங்களோடு வந்துவிடலாம் என்றேன். தங்கை, அவ்வளவு தூரம் எதற்கு, புனலூருக்கு வரட்டும் என்றாள். மாப்பிள்ளையும் மனதாரத்தான் அழைத்தார். அம்மா கோலப்பொடி டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மார்கழி என்பதால் அதிகாலையில் பெரிய கோலம் போட வேண்டும் என்று மாலையிலேயே பொடி சலித்து வைப்பது அவர் வழக்கம்.

"இங்கன மாத்திரை வீட்டுக்கு வருது. தென்காசிக்குப் போறதுக்குப் பிங்க் பஸ்ஸுல டிக்கெட்டு கிடையாது. ரேசன் கடை நடந்து போற தூரம், கடைக்காரப் பிள்ளைக்கு என் மூஞ்சி தெரியும். இதையெல்லாம் விட்டுட்டு வந்து, போர்டுகூடப் படிக்கத் தெரியாத ஊருல நான் யாருகிட்ட என்னத்தைக் கேப்பேன்?" என்றார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆடிச் சாரல்ல ஓடு ஒழுகும், அப்ப ரெண்டு மாசம் உன் வீட்டுக்கு வாரேன்" என்று சேர்த்துக்கொண்டார். பாசம், தனிமை, கடைசிக் காலம் என்று நான் மனதில் கோத்து வைத்திருந்த சொற்கள் எதற்கும் அங்கே வேலை இருக்கவில்லை. அவர் எடுத்து வைத்தவை அத்தனையும் நடந்து போகும் தூரத்தில் உள்ள காரியங்கள். இந்த ஒன்பது மாதத்தில் அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றவரும் அவர்தான். என் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டு, அப்படியானால் ஓட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

ஜனவரி 2, வெள்ளிக்கிழமை. கடைசி வேலைநாள். தங்கை பழைய ஸ்மார்ட் போன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அம்மா பெயரில் புது சிம் வாங்கி, ஆதார், வங்கி, ரேஷன், மின் இணைப்பு நான்கையும் அந்த எண்ணுக்கு மாற்றினோம். அவற்றில் சிலவற்றை மாற்றுவதற்கு ஓ.டி.பி. முதலில் பழைய எண்ணுக்கு வந்தது. அம்மா வழக்கம்போல் ஸ்பீக்கரில் போடுவதற்காக நடுப் பொத்தானை அழுத்தினார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. மறுநாள் திருவாதிரை. களியும் ஏழு கறிக் குழம்பும் செய்து, காலையிலேயே குற்றாலம் சித்திர சபைக்குப் போய் வந்தோம். அருவியில் ஐயப்பன்மார் கூட்டம் நெரிந்ததால் குளிக்காமல் திரும்பியதில் மகளுக்கு வருத்தம்.

எரிவாயு இணைப்பு மட்டும் மாறவில்லை. அதற்கு என்னுடைய, தங்கையுடைய ஆட்சேபமில்லாக் கடிதம் வேண்டும், ஏஜென்சியில் பொறுப்பாளர் புத்தாண்டு விடுப்பில் போயிருந்தார். 4-ஆம் தேதி காலை, டாக்சியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது சிலிண்டர் வண்டி வந்து நின்றது. தோளில் சிலிண்டரோடு படியேறிய தம்பி, "கோட் வந்திருக்கா ஆச்சி?" என்றார். அம்மா அலமாரிக்குப் போய், வயரைப் பிடுங்கி, அப்பாவின் போனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நான்கு எண்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். நான் காரில் ஏறுவதற்கு முன் என் கைபேசியில் அந்த எண்ணுக்கு இன்னொரு 28 நாள் ரீசார்ஜ் செய்தேன்.